ஞாயிற்றுக்கிழமை எந்த ஆஸ்பத்திரி?

அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது 1980-இல். அவளுக்கு இரண்டு வயது. நான் அப்போது பிறக்கவில்லை. போலியோ சொட்டு மருந்தை அரசின் தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. கொடைக்கானல் மலையில் காப்பியும் மிளகும் மலைவாழையும் விளைகிற எங்கள் ஊர் பண்ணைக்காடு வரை அது ஏறி வர நாளாயிற்று. காய்ச்சல் விட்ட காலையில் பிள்ளையைத் தரையில் இறக்கி விட்டால், இடது கால் ஊன்றவில்லை, நனைந்த துணி மாதிரி மடங்கியது என்று அம்மா சொல்லுவாள்.

அப்பா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மலை இறங்கினார். திண்டுக்கல் தனி மாவட்டம் ஆனது 1985 செப்டம்பரில்தான். அதுவரை எங்களுக்கு எல்லாவற்றுக்கும் மதுரை. விடியுமுன் கிளம்பி, பண்ணைக்காடு பிரிவுக்கு வந்து, காட் ரோட்டில் டம்டம் பாறை வழியாக இறங்கி, வத்தலக்குண்டில் பஸ் மாறி மதுரை போய்ச் சேர வேண்டும். பெரியாஸ்பத்திரியில்தான் அவளுக்கு முதல் காலிப்பர் அளவெடுத்தார்கள். இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, தொடையிலும் முழங்காலிலும் தோல் பட்டை, கீழே கனத்த பூட்ஸ். வளர்கிற பிள்ளைக்கு இரும்பு வளராதே. ஒவ்வொரு காலிப்பரும் சின்னதாகிப் போகும்போது அப்பா மறுபடி மலை இறங்குவார். அந்தப் பயணங்களுக்கெல்லாம் முழு டிக்கெட். மடியில் உட்கார்ந்து வந்த பிள்ளை பெரியவளான பிறகு அவளுக்கும் சேர்த்து.

பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. சில வருடம் வீட்டுத் திண்ணையில் இருந்தபடி ஊர்ப் பெண்களுக்குக் கொக்கி தைத்தும் ஓரம் அடித்தும் கொடுத்தாள். பிறகு ஒரு நாள், வத்தலக்குண்டில் தையல் பயிற்சிக்குச் சேரப் போகிறேன் என்று அறிவித்தாள். அறிவித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். கேட்கவில்லை. தினமும் இறங்கி ஏறப் பஸ் காசுக்கு எங்கே போவது என்று அப்பா தலையைச் சொறிந்தார். பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர்தான், கவர்மெண்ட் பஸ்ஸில் இலவசப் பாஸ் இருக்கிறது, எழுதிப் போடுங்கள் என்றார்.

அது தொண்ணூறுகளின் கடைசி. ராணி மங்கம்மாள் போக்குவரத்துக் கழகத்து வண்டிகள்தான் எங்கள் மலையில் ஓடிக்கொண்டிருந்தன. 1997-இல் தலைவர்கள் பெயர்களையெல்லாம் எடுத்துவிட்டு எல்லாமே தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்றானது. ஆனாலும் எங்கள் ஊர்க் கிழவிகள் வெகுநாளைக்கு “மங்கம்மா வண்டி போயிருச்சா?” என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பாஸ் வாங்க முதலில் அடையாள அட்டை வேண்டும். அடையாள அட்டைக்கு டாக்டர் சதவீதம் போட வேண்டும். 40 சதவீதத்துக்குக் குறைந்தால் கிடையாது. 1995-இல் வந்த ஊனமுற்றோர் சட்டம் வகுத்த கோடு அது. இன்றைக்கும் அதே கோடுதான். அக்காவின் காலைத் திருப்பியும் மடக்கியும் பார்த்துவிட்டு 60 என்று எழுதினார்கள். “மிச்சம் நாப்பது நல்லாருக்காம்” என்று வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரித்தாள்.

பிறகு பயிற்சி நிலையத்தின் சான்று, ரேஷன் கார்டு நகல், போட்டோ. இத்தனையையும் எடுத்துக்கொண்டு மாவட்டத் தலைநகருக்குப் போக வேண்டும். மலையிலிருந்து அங்கே போய்த் திரும்ப ஒரு நாள் முழுக்கப் போய்விடும். இலவசப் பாஸ் வாங்கப் போகிறவளுக்கு அந்தப் பயணம் இலவசம் இல்லை. துணைக்குப் போகும் அம்மாவுக்கும் இல்லை. சான்றில் முத்திரை சரியாக விழவில்லை என்று ஒரு தடவை திருப்பி அனுப்பினார்கள். அடுத்த தடவை போனபோது கையெழுத்துப் போடுகிறவர் முகாமுக்குப் போயிருந்தார். பாஸ் கையில் வருவதற்குள் செலவான காசைக் கணக்குப் போட்டு அப்பா, “இதுக்கு ரெண்டு மாசம் டிக்கெட்டே எடுத்திருக்கலாம் தாயி” என்றார். அவர் சொன்னது ரொம்பத் தப்பில்லை. அப்படி வாங்கிய பாஸ் மார்ச் 31 வரைக்கும்தான். ஏப்ரல் பிறந்தால் மறுபடி சான்று, மறுபடி போட்டோ, மறுபடி மலை இறக்கம். காலில் வந்த வாதம் மார்ச்சோடு தீர்ந்துவிட்டதா என்று யாரும் கேட்கவில்லை, ஆனாலும் தீரவில்லை என்று வருடா வருடம் நிரூபிக்க வேண்டியிருந்தது.

இனிமேல் சொல்லப்போவது பஸ் படி பற்றி. பாஸைப் பற்றிப் பேசுகிற யாரும் படியைப் பற்றிப் பேசுவதில்லை.

மலை வண்டியின் முதல் படி எப்போதும் உயரம். டிரைவர் ரோட்டின் பள்ளமான பக்கத்தில் நிறுத்திவிட்டால் இன்னும் ஒரு முழம் ஏறிவிடும். மடங்காத காலோடு அதில் ஏறுவது எப்படி? ஆரம்பத்தில் ஆட்கள் தூக்கிவிட்டார்கள். உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் இருபது வயதுப் பெண்ணை யார் யாரோ இடுப்பில் கைகொடுத்துத் தூக்குகிறார்கள். அதில் சில கைகள் உதவிக்கு வந்த கைகள் இல்லை. அக்கா இதை எங்களிடம் சொல்லவில்லை, அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். எனக்குத் தெரிய வந்தது பல வருடம் கழித்து.

அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். பஸ்ஸுக்கு முதுகைக் காட்டி நிற்பாள். கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, முதல் படியில் உட்கார்ந்துவிடுவாள். பிறகு வலது காலை ஊன்றி அடுத்த படிக்கு எம்புவாள். அப்புறம் காலிப்பரை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைப்பாள். மொத்தமும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். சேலையில் படிச் சேறு ஒட்டும். மலையில் ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தப் படி எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பயிற்சி முடியும்வரை அவள் ஒரு பழைய சேலையை உடுத்திப் போய், அங்கே மாற்றிக்கொள்வாள். எங்கள் ஊர் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருந்த ஒரு மாமா, கொஞ்ச நாள் கழித்து ஒரு முக்காலியை எடுத்து வந்து படிக்குக் கீழே வைக்க ஆரம்பித்தார். யாரும் சொல்லி அவர் வைக்கவில்லை. அவர் இருந்தவரை முக்காலி இருந்தது.

பயிற்சி முடிந்தது. பாஸும் முடிந்தது. இதை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. பாஸ் கொடுப்பது நான்கு காரியத்துக்கு: படிப்பு, பயிற்சி, வேலை, வைத்தியம். அதுவும் வீட்டிலிருந்து அந்த இடம் வரைக்கும், 100 கிலோமீட்டருக்குள். அக்கா வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைக்கத் தொடங்கிவிட்டாள். வீட்டிலிருந்து வீட்டுக்கு யார் பாஸ் கொடுப்பார்கள்? மிஞ்சியது வைத்தியம். சிகிச்சைக்கு வருகிறார் என்று எழுதி வாங்கினால் ஆஸ்பத்திரி வரைக்கும் போய் வரலாம்.

அன்றிலிருந்து அக்காவுக்கு ஆஸ்பத்திரி வேலை அதிகமாகிவிட்டது. வத்தலக்குண்டில் நூல் வாங்க வேண்டுமா, காலிப்பர் பட்டை தளர்ந்துவிடும். சித்தி மகளுக்கு வளைகாப்பா, முழங்காலில் வலி எடுத்துவிடும். நல்ல படம் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் இடுப்புக்கே வந்துவிடும். பாவம், அவளுக்குப் பொய் பிடிக்காது. அதனால் ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரி வாசல் வரை உண்மையாகவே போய், எட்டிப் பார்த்துவிட்டு, பிறகுதான் தன் வேலைக்குப் போவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. நானும் கூட இருந்தேன். சொந்தத்தில் கல்யாணம். பட்டுச்சேலை, தலை நிறையப் பூ, கையில் மொய்க் கவர். கண்டக்டர் புதியவர். பாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

“ஞாயித்துக்கிழமை எந்த ஆஸ்பத்திரிம்மா திறந்திருக்கு?”

“சீக்கு ஞாயித்துக்கிழமை லீவு போடுதாண்ணே?”

பஸ் முழுக்கச் சிரித்தது. பின்சீட்டில் வாழைத்தாரோடு உட்கார்ந்திருந்த பெரியவர், “பட்டுக் கட்டிட்டுப் போனாத்தான் டாக்டர் நல்லா பாப்பாரு, விடுப்பா” என்றார். கண்டக்டரும் சிரித்துவிட்டுப் பாஸைத் திருப்பிக் கொடுத்தார். நல்ல மனுஷர். ஆனால் இறங்கும்வரை அக்கா ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள். செக்கிங் ஏறியிருந்தால் அந்தக் கண்டக்டருக்குத்தான் வேலைக்குச் சிக்கல். அது அவளுக்குத் தெரியும். கல்யாணத்துக்குப் போகிற பெண், நோயாளியாக நடிக்க வேண்டும். அவளை ஏற்றிக்கொண்ட மனிதர் பயந்துகொண்டு வர வேண்டும். இப்படி ஒரு ஏற்பாட்டை யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. பாஸை எழுதியவர்களுக்கு, காலில்லாதவர் வீட்டை விட்டுக் கிளம்புவதற்குப் படிப்பு, வேலை, நோய் தவிர இன்னொரு காரணம் இருக்கலாம் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் 2008 ஏப்ரலிலிருந்து ஊனமுற்றவர்களுக்கும் முதியோருக்கும் நாடு முழுவதும் உள்ளூர்ப் பஸ்களில் இலவசம். அங்கேயும் நிபந்தனை உண்டு: வேலை நாட்களில் காலை 9.30-க்கு மேல்தான் சட்டப்படி உரிமை. எதற்குப் போகிறாய் என்ற கேள்வி கிடையாது. அங்கே நேரம் பார்க்கிறார்கள், இங்கே காரணம் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் நேரம் பார்ப்பது தேவலை. கல்யாணத்துக்குப் பத்து மணிக்குமேல் கிளம்பினாலும் பந்திக்குப் போய்விடலாம்.

நம்மிடம் காரணம் கேட்காத சலுகையும் ஒன்று இருக்கிறது, இல்லையென்று சொல்லக் கூடாது. அடையாள அட்டை உள்ளவர் மாநிலத்துக்குள் அரசு வெளியூர்ப் பஸ்ஸில் கால் பங்குக் கட்டணம் கொடுத்தால் போதும். முக்கால் பங்கு தள்ளுபடி. அட்டையைக் காட்டி, ஒரு நகலைக் கண்டக்டரிடம் கொடுக்க வேண்டும். அக்காவின் கைப்பையில் பர்ஸ் இருக்கிறதோ இல்லையோ, ஜெராக்ஸ் கட்டு ஒன்று இருக்கும். பழனிக்கு முருகனைப் பார்க்கப் போனாலும் அந்தக் கட்டோடுதான். கால் பங்கு டிக்கெட்டும் ஜெராக்ஸ் காசும் சேர்ந்தாலும் லாபம்தான் என்பாள். ஆனால் இது அரசு பஸ்ஸில் மட்டும். கீழே வத்தலக்குண்டு, திண்டுக்கல் ரோட்டில் தனியார் வண்டிகள் முந்திக்கொண்டு வரும். அவற்றில் பாஸும் செல்லாது, நகலும் செல்லாது.

மலையில் இன்னொன்று. கொடைக்கானல் போகிற பஸ் எல்லாம் பண்ணைக்காட்டுக்குள் வராது. பிரிவில் இறக்கிவிட்டுவிட்டு மேலே போய்விடும். அங்கேயிருந்து ஊருக்கு, நம் நேரத்துக்கு உள்ளூர்ப் பஸ் இருந்தால் உண்டு. இல்லாவிட்டால் ஜீப். ஜீப்காரர் பாஸைப் பார்த்து என்ன செய்வார்? காசைத்தான் கேட்பார். பின்புறம் ஏறி நெருக்கி உட்காரும் ஜீப்பில் காலிப்பர் போட்டவளால் ஏற முடியாது, முன்சீட்டு வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம். மலை இறங்கிப் போன முழுத் தூரமும் இலவசமாக வந்துவிட்டு, கடைசிக் கொஞ்சத் தூரத்துக்கு அவள் கொடுத்த காசுதான் அதிகம். 2018 நவம்பரில் கஜா புயல் மலை மேலேறி வந்து மரங்களைச் சாய்த்து ரோட்டை அடைத்தபோது எல்லோரும் ஒன்றாகத்தான் மாட்டிக்கொண்டோம். மற்ற நாட்களில் இந்த மாட்டல் அவளைப் போன்றவர்களுக்கு மட்டும்.

2021 மே 8-ஆம் தேதி பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை என்று வந்தது. அடுத்த மாதமே மாற்றுத் திறனாளிகளுக்கும் அவர்களோடு துணைக்கு வருபவருக்கும், திருநங்கையருக்கும் அதை விரித்தார்கள். துணைக்கு வருபவரையும் சேர்த்தது பெரிய காரியம். அம்மா அத்தனை வருடம் கொடுத்த டிக்கெட் காசு எனக்கு நினைவுக்கு வந்தது. செய்தியைக் கேட்டு அக்கா, “காரணம் கேக்க மாட்டாங்களாமா?” என்று மட்டும் கேட்டாள். கேட்க மாட்டார்கள் என்றேன்.

ஆனால் அது சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸுக்கு. அப்போது எங்கள் மலையில் டவுன் பஸ் எங்கே இருந்தது? வத்தலக்குண்டில் இறங்கிவிட்டால் சுற்றுவட்டாரம் முழுக்க அக்காவும் அம்மாவும் காசில்லாமல் சுற்றலாம். வத்தலக்குண்டுக்கு வர, அங்கிருந்து வீட்டுக்குத் திரும்ப, டிக்கெட் எடுக்க வேண்டியிருந்தது. எங்கே பஸ் குறைவோ, எங்கே ரோடு ஏற்றமோ, எங்கே நடந்துவிட முடியாதோ, அங்கே சலுகை இல்லாமல் இருந்தது. “கீழ இருக்கவுகளுக்குத்தான் சர்க்காரா?” என்றாள் அம்மா. நீலகிரி, வால்பாறை மக்களும் இதையேதான் கேட்டிருப்பார்கள். 2024 பிப்ரவரி பட்ஜெட்டில்தான் நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை போன்ற மலைப்பகுதிகளுக்கும் இந்தத் திட்டம் விரியும் என்று அறிவித்தார்கள். திட்டம் தொடங்கி மூன்று வருடம் ஆகப்போகிற சமயம் அது.

அதே 2024 மே மாதம், நீதிமன்ற உத்தரவுப்படி, கொடைக்கானலுக்கு வண்டியில் வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு இ-பாஸ் கட்டாயம் ஆனது. கார்காரர்கள் போனைத் தட்டித் தட்டிப் பார்ப்பதைக் கண்டு அக்காவுக்கு ஒரே சந்தோஷம். “எங்கே, எதுக்கு, எத்தனை நாள்னு அவங்களையும் கேக்குறாங்கல்ல?”

2016-இல் வந்த புதிய சட்டம் ஊனங்களின் பட்டியலை ஏழிலிருந்து இருபத்தொன்றாக விரித்தது. தசைச்சிதைவும் பார்க்கின்சனும் தலசீமியாவும் ரத்தம் உறையாத ஹீமோபிலியாவும் அதில் உண்டு. இவற்றில் சில பார்த்தால் தெரியாது. காலிப்பர் போட்ட அக்காவிடம் யாரும் அத்தாட்சி கேட்டுச் சந்தேகப்பட்டதில்லை, இரும்பே சத்தம் போட்டுச் சொல்லிவிடும். எங்கள் தெருவில் காது கேட்காத பையன் ஒருவன் இருக்கிறான். அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “நல்லாத்தானே இருக்கே, டிக்கெட் எடு” என்று சொல்லியிருக்கிறார்கள். சொன்னது அவன் காதில் விழாததால் அவன் சிரித்துக்கொண்டே நின்றிருக்கிறான். அதைப் பார்த்து அவர்களுக்கு இன்னும் கோபம். அட்டையை எடுத்துக் காட்டிய பிறகுதான் அடங்கினார்கள்.

2014 மார்ச்சில் இந்தியாவையும் சேர்த்துத் தென்கிழக்கு ஆசியாவைப் போலியோ இல்லாத பகுதி என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இனிமேல் எங்கள் ஊரில் எந்தப் பிள்ளைக்கும் காலிப்பர் அளவெடுக்க வேண்டாம். ஆனால் பழைய பிள்ளைகளுக்கு வயதாகிறது. போலியோ வந்து பல பத்தாண்டு கழித்து, அதுவரை உழைத்த தசைகளும் தளரத் தொடங்கும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். அக்காவுக்கு அது வந்துவிட்டது. நல்ல காலாக இருந்த வலது காலும் இப்போது சீக்கிரம் களைக்கிறது. ஆஸ்பத்திரியைச் சாக்காகச் சொல்லிக் கல்யாணத்துக்குப் போனவள், இப்போது நிஜமாகவே ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறாள். பாஸ் இருக்கிறது. முதுகைக் காட்டிப் படியில் உட்கார்ந்து எம்ப உடம்பில் தெம்பில்லை.

சென்னையில் மாற்றுத் திறனாளிகளின் உரிமைக்காகப் போராடும் வைஷ்ணவி ஜெயகுமார் போன்றவர்கள் உயர் நீதிமன்றம் வரை போய் வருடக்கணக்கில் வாதாடிய பிறகு, 2024 ஆகஸ்டில் அங்கே தாழ்தளப் பஸ்கள் ஓடத் தொடங்கின. தரையிலிருந்து தளம் 400 மில்லிமீட்டர். பழைய வண்டிகளில் 900 வரைக்கும். சக்கர நாற்காலியோடு ஏறுகிறவர்களின் படத்தைப் பேப்பரில் பார்த்து அக்கா அதை வெட்டி வைத்துக்கொண்டாள். அந்த வண்டி எங்கள் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுமா, அடி தட்டுமா என்று நான் டிரைவர்களிடம் கேட்டிருக்கிறேன். கஷ்டம் என்கிறார்கள். இருக்கலாம். தாழ்தளம் ஏறாவிட்டால் போகட்டும். படிக்குக் கீழே மடித்து இழுக்கிற இன்னொரு படி வைக்கலாம். கைப்பிடியை இன்னும் கீழே வரை நீட்டலாம். நிறுத்தங்களில் பஸ் நிற்கும் இடத்தைக் கொஞ்சம் மேடாக்கிச் சிமெண்ட் போடலாம். டீக்கடைக்காரர் ஒரு முக்காலியால் செய்ததை ஓர் அரசு கொஞ்சம் கான்கிரீட்டால் செய்ய முடியும்.

கேட்பது இவ்வளவுதான். பாஸ் புதுப்பிக்கும் முகாமை மார்ச் முடியுமுன் பண்ணைக்காட்டிலும் பக்கத்துத் தாண்டிக்குடியிலும் ஊருக்கொரு நாள் போடுங்கள். கால் முடியாதவரை மலை இறக்கி, கால் முடியவில்லை என்று எழுதி வாங்காதீர்கள். மாறாத ஊனத்துக்கு வருடா வருடம் பாஸ் வேண்டாம், ஒரே தடவை கொடுங்கள். எதற்காகப் பயணம் என்ற கேள்வியை விண்ணப்பத்திலிருந்து அடித்துவிடுங்கள். இதைப் படிக்கிறவர்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் உள்ளவர் இருந்தால், அட்டை வாங்கியாயிற்றா என்று இந்த வாரமே கேளுங்கள். டவுன் பஸ்ஸில் அவருக்கும் துணைக்கு வருபவருக்கும் டிக்கெட் கிடையாது. வெளியூர்ப் பஸ்ஸில் அவருக்குக் கால் பங்குதான். நகல் எடுத்துக்கொள்ள மறக்க வேண்டாம்.